ஆபீசர் வந்து சொல்லும்வரை

என் வீட்டுக்காரர் விமானத்திலிருந்து குதிக்கிற வேலை பார்க்கிறார் என்று கல்யாணம் பேசும்போதே சொல்லியிருந்தால் நான் கொஞ்சம் யோசித்திருப்பேன். "மாப்பிள்ளை பட்டாளத்தில் இருக்கிறார்" என்று மட்டும்தான் சொன்னார்கள். பட்டாளம் எங்கள் பக்கத்துக்குப் புதிதா என்ன? உத்தமபாளையம் சுற்று வட்டாரத்தில் எந்த ஊருக்குள் நுழைந்தாலும் ஒரு பட்டாளத்துக்காரர் வீடு இருக்கும். அனுமந்தன்பட்டிக்கு வாழ வந்த பிறகுதான் பீரோவுக்குள் அந்த மெரூன் தொப்பியைப் பார்த்தேன்.

"இது என்னங்க, எல்லாரும் பச்சையும் கறுப்புமாப் போட்டிருக்காக, உங்களுக்கு மட்டும் பீட்ரூட் கலரு?" என்று கேட்டேன்.

மனுசன் சிரிக்கவில்லை. பாராசூட் படையில் அந்தத் தொப்பியை வாங்குவதற்குப் பட்ட பாட்டை அன்றைக்குத்தான் சொன்னார். முதுகில் மூட்டையோடு மலை மலையாக ஓடவிடுவார்களாம். தூக்கம் கிடையாது, நேரத்துக்குச் சோறு கிடையாது. கையைக் கட்டித் தண்ணீருக்குள் தள்ளுவார்களாம். வந்தவர்களில் பெரும்பாலோர் "போதும்டா சாமி" என்று பழைய படைக்கே திரும்பிவிடுவார்கள். கடைசி வரை நிற்கிற கொஞ்சப் பேருக்குத்தான் அந்தத் தொப்பி. கேட்டுவிட்டு, "இவ்வளவு கஷ்டப்பட்டு எதுக்குங்க விமானத்துல ஏறிப் பாதியில குதிக்கணும், அது எறங்குற இடத்துலயே எறங்குனா ஆகாதா?" என்றேன். அதற்குச் சிரித்தார்.

அவருடைய குழுவிலேயே குமுளிக்காரர் ஒருவர் இருந்தார். மலையாளி. என் வீட்டுக்காரரைவிடச் சின்னவர், ஆகவே எனக்குத் தம்பி முறை. கம்பத்தில் பஸ் ஏறினால் லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறி இறங்குகிற தூரம்தான் அவர்கள் வீடு. இரண்டு பேரும் ஒன்றாக லீவு வாங்கி வருவார்கள். அவர்கள் கம்பத்துக்குத் துணி எடுக்க வந்தால் மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில். நாங்கள் மலை ஏறினால் கப்பைக் கிழங்கும் மீன் குழம்பும் அங்கே. தம்பி பெண்சாதி என்னை "சேச்சி" என்பாள், மலையாளத்தில் அக்கா. நான் அவளைக் குமுளிக்காரி என்பேன். பாதித் தமிழ் பாதி மலையாளத்தில் போனில் பேச ஆரம்பித்தால் அடுப்பில் வைத்தது தீயும்.

ஒருநாள் சாப்பிட்டு முடித்துத் திராட்சைப் பந்தலுக்குள் நிழலில் உட்கார்ந்திருந்தபோது, குதிப்பதற்கு முன்னால் என்னதான் செய்வீர்கள் என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் சொன்னார். விமானத்துக்குள் எல்லோரும் வரிசையாக எழுந்து நிற்பார்களாம். தன் முதுகில் இருக்கிற பாராசூட் சரியாக இருக்கிறதா என்று தனக்குத் தெரியாது. பின்னால் நிற்கிறவன்தான் கொக்கி, வார் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துச் சொல்லவேண்டும். அப்படியே கடைசி ஆளிலிருந்து முதல் ஆள் வரைக்கும் "ஓகே" என்று குரல் வந்துகொண்டே இருக்கும். பிறகு கதவு திறக்கும்.

"பயமா இருக்காதா?"

"இருக்காம? நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கும். ஆனா முன்னாடி நிக்கிறவன் முதுகைப் பாத்துக்கிட்டே போயிருவோம். அவன் போயிட்டான்னா நம்ம காலும் தன்னால போயிரும்." தம்பியைக் காட்டினார். "இந்தா, இவன்தான் எப்பவும் முதல் ஆளு. இவனுக்குப் பாக்க முதுகு கெடையாது. வெறும் காத்துதான்."

தம்பி திராட்சையை வாய் நிறையப் போட்டுக்கொண்டு, "எனிக்கு இந்த சேட்டன் பின்னால நின்னு பேசற பேச்சைக் கேக்கறதைவிட சாடறது சுகம் சேச்சி" என்றார். மலையாளத்தில் சேட்டன் என்றால் அண்ணன், சாடுவது என்றால் குதிப்பது. குமுளிக்காரி அவர் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

வடக்கே எல்லையில் சண்டை மூண்டபோது ஒரு சாயங்காலம் போன் வந்தது. "கொஞ்ச நாளைக்குப் பேச முடியாது. டி.வி. பாக்காத" என்று வைத்துவிட்டார். டி.வி. பார்க்காமல் யாரால் இருக்க முடியும்? கோட்டும் டையும் கட்டியவன் ஒருத்தன் ஸ்டூடியோவுக்குள் பீரங்கிப் படத்துக்கு முன்னால் நின்று துள்ளுவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "நீ போய்க் குதியேன்டா" என்று ரிமோட்டைத் தூக்கி எறிந்திருக்கிறேன். நானும் குமுளிக்காரியும் தினமும் பேசினோம். சண்டையைப் பற்றி மட்டும் பேசமாட்டோம். அவள் மாமியார் தன் மகள் வீட்டுக்குப் போயிருந்தார், அவள் தனியாக இருந்தாள். எனக்கு மாமனார் மாமியார் இல்லை. ஒரே மலைக்கு மேலும் கீழுமாக இரண்டு பொம்பளைகள், காய் விலையையும் மழையையும் பேசிப் பேசிப் பொழுதை ஓட்டினோம்.

ஒருநாள் காலையில் தோட்டத்தில் திராட்சை வெட்டு. ஆள்களோடு சேர்ந்து நானும் கத்தரியால் கொத்து வெட்டிக்கொண்டிருந்தேன். வெட்டு ஆள் ஒருத்தி போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஏண்டி, என்னாச்சு?"

அவள் போனை நீட்டினாள். எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் ஒரு ஃபிளெக்ஸ். அதில் என் வீட்டுக்காரர், மெரூன் தொப்பியோடு. மேலே கொட்டை எழுத்தில் "கண்ணீர் அஞ்சலி".

எப்படி நடந்தது என்பது அப்புறம்தான் தெரிந்தது. தமிழக கேரள எல்லைப் பகுதியைச் சேர்ந்த பாராசூட் படை வீரர் ஒருவர் வீரமரணம் என்று முந்தின நாள் ராத்திரி ஏதோ ஒரு சானலில் எழுத்து ஓடியிருக்கிறது. பெயர் போடவில்லை. எங்கள் ஊர் இளவட்டங்களுக்குத் தெரிந்த பாராசூட் வீரர் இந்த எல்லையில் ஒரே ஒருத்தர்தான். விசாரிக்க வேண்டும் என்று எவனுக்காவது தோன்றியதா? கோயில் திருவிழாவாக இருந்தாலும் காதுகுத்தாக இருந்தாலும் எழவாக இருந்தாலும் எங்களுக்கு முதலில் ஃபிளெக்ஸ் ஏறிவிடவேண்டும். உத்தமபாளையம் போய் விடிவதற்குள் அடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

தோட்டத்திலிருந்து பஸ் நிறுத்தம் வரைக்கும் எப்படிப் போனேன் என்று தெரியாது. கையில் கொத்து வெட்டுகிற கத்தரி அப்படியே இருந்தது. ஃபிளெக்ஸைப் பார்த்தேன். நடுவில் அவர். சுற்றிலும் அஞ்சலி செலுத்துகிறவர்களின் சின்னச் சின்னப் படங்கள். அதில் ஒருத்தன் கூலிங் கிளாஸ் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்து அவ்வளவு வெறி வந்ததோ, கயிற்றை அறுத்து, ஃபிளெக்ஸைக் கிழிகிழி என்று கிழித்துப்போட்டேன்.

"எவன்டா சொன்னது உங்களுக்கு? எவன் சொன்னான்? எனக்கு எவனும் சொல்லல! ஆபீசர் வந்தாகளா? வண்டி வந்துச்சா? என் புருசனை நீங்களே கொன்னு நீங்களே மாலை போடுவீங்களோ?"

பாவம், அந்தப் பையன்கள் அழுதுகொண்டுதான் நின்றார்கள். ஊர் பாசத்தில் செய்ததுதான், அது எனக்குத் தெரியாமலில்லை. வீட்டுக்கு வந்தால் வாசல் நிறையப் பொம்பளைகள். ஒப்பாரிக்குத் தயாராக உட்கார்ந்திருந்தவர்களை "என் வீட்டுல எழவு விழல, எந்திரிங்க" என்று விரட்டினேன். எழுந்து தெருவுக்கு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்கள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்தேன். தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெளியே கத்தினேனே தவிர, ஆள் இருக்கிறாரா இல்லையா என்று எனக்கு மட்டும் என்ன தெரியும்?

மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"நான்தான்" என்றார்.

நான் என்ன பேசினேன் என்று எனக்கே நினைவில்லை. அழுதேன், திட்டினேன், சிரித்தேன். "கால்ல அடிபட்டிருக்கு. ஆஸ்பத்திரில இருக்கேன். உயிருக்கு ஒண்ணுமில்ல" என்றார். எங்கள் வீட்டுச் சாமி படங்கள் அத்தனையையும் பார்த்து ஒரு கையால் கும்பிட்டேன். அவர் குரலில்தான் உயிரே இல்லை.

"இந்தா புள்ள, கேளு. தம்பி போயிட்டான்."

"எங்க போயிட்டாரு?" என்று கேட்டேன். அப்படித்தான் கேட்டேன்.

அவர் சொன்னார். "என்னை இழுத்துப் போட்டுக் காப்பாத்திட்டு, இன்னொருத்தனை எடுக்கப் போனான். திரும்பி வரல. அவ வீட்டுக்கு ஆபீசருக கெளம்பிட்டாக. சாயங்காலத்துக்குள்ள போயிருவாக. அவுக வாயால சொல்றதுதான் சேதி, அதுக்கு முன்னாடி யாரும் சொல்லக்கூடாது. நானே உனக்குச் சொல்லியிருக்கக்கூடாது. ஆனா அவ தனியா இருக்கா. நாங்க ரெண்டு பேரும் பேசி வச்சது ஒண்ணு இருக்கு. எவனுக்கு எது ஆனாலும், சேதி வந்து சேர்றப்ப மத்தவன் வீட்டுப் பொம்பளை அங்கன பக்கத்துல இருக்கணும். நீ போ. வாயத் திறக்காத. பக்கத்துல இரு, போதும்."

போனை வைத்த மறு நிமிடம் குமுளிக்காரியின் போன்.

"சேச்சீ..." என்று ஒரு கதறல். ஃபிளெக்ஸ் படம் மலை ஏறி அவள் வாட்ஸ்அப்புக்கும் போய்விட்டது. "சேச்சி, நான் இப்பவே இறங்கி வர்றேன். கஞ்சி வச்சிருக்கேன். அங்க அடுப்பு பத்தவைக்க மாட்டாங்கல்ல, எடுத்துட்டு வர்றேன்."

அவள் இறங்கி வந்துவிட்டால் ஆபீசர்கள் பூட்டின வீட்டுக்கு முன்னால் நிற்பார்கள். வழியில் எவனாவது வாயை விடுவான். "அது பொய்டி, அவர் நல்லா இருக்காரு" என்று சொன்னால்? அடுத்த நொடியே, "அப்ப போனது யாரு சேச்சி?" என்று கேட்பாளே. இந்த எல்லையில் இருப்பதே இரண்டு பாராசூட்காரர்கள்தானே!

"நீ வராத" என்றேன். "இங்கன கூட்டமா இருக்கு, எனக்கு மூச்சு முட்டுது. நான் உன்கிட்ட வந்து உக்காந்துக்கறேன்."

"வாங்க சேச்சி. வாங்க" என்று அழுதாள்.

ஊருக்கும் சொல்ல முடியாது. சொன்னால் கால் மணி நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஏறி அவளிடம் போய்விடும். எங்கம்மாவிடமாவது சொல்லலாம் என்று நினைத்தேன். அவள் சின்னமனூரிலிருந்து அழுதுகொண்டே கிளம்பிவிட்டதாகப் போன் வந்திருந்தது. ஆனால் எங்கம்மா வாயில் ஒரு விஷயம் தங்காது. ஒரு சேதியைச் சொல்லி "யார்கிட்டயும் சொல்லாதே" என்றால், அதையும் சேர்த்துச் சொல்லுகிறவள். அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் அவளை அழவிட்டதற்கு இன்னும் அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும். மறுபடி அப்படி ஒரு நாள் வந்தாலும் அதையேதான் செய்வேன்.

கதவைத் திறந்து வெளியே வந்தேன். எதிர்ப்பக்கப் பொம்பளைகள் எழுந்து நின்றார்கள். காலையில் அந்தக் கத்துக் கத்தினவள் இப்போது தலையைக் குனிந்துகொண்டு போனேன். புரிந்துகொண்டதாக நினைத்து ஒருத்தி "ஆத்தா!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அவர்கள் அழுவதைக் கேட்டுக்கொண்டே நடந்தேன். உயிரோடு இருக்கிற மனுசனுக்கு ஊரே அழுகிறது, நான் வாயைத் திறக்கக்கூடாது. ஒவ்வொரு அழுகையும் அவர் ஆயுசைக் குறைப்பதுபோல் எனக்குப் பதறியது. மனசுக்குள்ளேயே "நூறு வயசு, நூறு வயசு" என்று சொல்லிக்கொண்டே பஸ் ஏறினேன்.

கம்பத்தில் பஸ் மாறினேன். லோயர் கேம்பில் கரண்டு ஆபீஸ் ஆள்கள் சிரித்துப் பேசிக்கொண்டு இறங்கினார்கள். மலை ஏற ஏறக் குளிர்ந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, தம்பியை நினைத்து யாரும் பார்க்காமல் அழுதேன். முதன்முதலாக.

சண்டையில் என்ன நடந்தது என்பதை என் வீட்டுக்காரர் பல மாதம் கழித்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார். ஹெலிகாப்டர் அவர்களை ஒரு பாறை முகட்டில் கயிறு போட்டு இறக்கிவிட்டது. பெரும் படை பின்னால் வந்து சேரும்வரை அந்த முகட்டை விட்டுக்கொடுக்கக்கூடாது. அவ்வளவுதான் உத்தரவு. கயிற்றிலும் தம்பிதான் முதல் ஆள். விடியும்போது எதிர்ப்பக்கத்திலிருந்து சுட ஆரம்பித்தார்கள். ஒளிந்துகொள்ள ஒரு புல்கூட இல்லாத வெட்டவெளியில் என் வீட்டுக்காரர் தொடையில் குண்டு வாங்கி விழுந்தார். தம்பி தவழ்ந்து வந்து, முதுகு மூட்டையின் வாரைப் பிடித்து இழுத்திருக்கிறார். இழுக்கிற இழுப்பில், "சோறு குறைச்சுத் தின்னு சேட்டா, எந்தொரு கனம்!" என்று திட்டிக்கொண்டே வந்தாராம். பாறைக்குப் பின்னால் கொண்டுவந்து போட்டுக் காலுக்குக் கட்டுப் போட்டாராம். அப்போது வெளியில் விழுந்து கிடந்த இன்னொரு வீரன் கூப்பிட்டிருக்கிறான். தம்பி எழுந்தார். என் வீட்டுக்காரர் அவர் காலைப் பிடித்துக்கொண்டார்.

"போகாதடான்னு சொன்னேன் புள்ள. சுடறது எந்தப் பக்கம்னு தெரிஞ்சுபோச்சு, போனா வரமுடியாதுன்னு எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். 'விடு சேட்டா, அவன் விளிக்குன்னு'ன்னான். கூப்பிடறான்னு. அவ்வளவுதான் சொன்னான். போயி அவனைப் பள்ளத்துல உருட்டி விட்டுட்டான். அதுக்கப்புறம்தான் விழுந்தான்."

தம்பி உருட்டிவிட்ட அந்த வீரன் பிழைத்துக்கொண்டான். படை வந்து சேரும்வரை முகட்டை யாரும் விடவில்லை. என் வீட்டுக்காரரும் கட்டுப் போட்ட காலோடு படுத்தபடியே சுட்டிருக்கிறார். அதற்காக ஊரில் யாராவது அவரை வீரன் என்று சொன்னால் எரிந்து விழுவார். "நான் சுட்டது டிரெயினிங். அவன் ரெண்டாவது தடவை எந்திரிச்சுப் போனானே, அதுக்கு எவனும் டிரெயினிங் தரல" என்பார்.

குமுளியில் பஸ்ஸை விட்டு இறங்கி, செக்போஸ்ட்டைத் தாண்டி நடந்தேன். அவள் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். உள்ளே கூட்டிப் போய் உட்காரவைத்து, என் காலைப் பிடித்து செருப்பைக் கழற்றினாள். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. கஞ்சியை ஆற்றிக் கரண்டியால் ஊட்டினாள். சின்னப் பிள்ளைக்கு ஊட்டுவதுபோல் ஒவ்வொரு வாய்க்கும் "ஒரு வாய், இன்னும் ஒரு வாய்" என்றாள். அந்தக் கஞ்சியை விழுங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மறுத்தால் அவளுக்கு மனசு கஷ்டப்படும், விழுங்கினால் எனக்கு நெஞ்சு வெடிக்கும்.

"பொட்டை எடுத்துராதீங்க சேச்சி. அண்ணன் வந்து சேரட்டும். யார் சொன்னாலும் எடுக்காதீங்க" என்றாள்.

தலையை மட்டும் ஆட்டினேன். சுவரில் தம்பி படம். அந்தப் பக்கம் நான் திரும்பவே இல்லை.

என் தோளில் சாய்ந்துகொண்டாள். பிறகு மெதுவாக ஆரம்பித்தாள்.

"சேச்சி, ஒண்ணு சொல்றேன். என்னை அடிச்சாலும் சரி. அந்த ஃபிளெக்ஸ்ல அண்ணன் முகத்தைப் பாத்ததும் முதல்ல என்ன தோணுச்சு தெரியுமா? நம்ம ஆளு இல்லைன்னு. தெய்வமே, நம்ம ஆளு இல்லைன்னு கும்பிட்டேன் சேச்சி. அப்புறம்தான் நீங்க ஞாபகம் வந்தீங்க. நான் எவ்வளவு துஷ்டை பாருங்க."

மத்தியானம் போனைக் காதில் வைத்துக்கொண்டு நான் கும்பிட்ட கும்பிடு என் கண் முன்னால் வந்தது. அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன்.

"அதுல தப்பே இல்லடி. யாரா இருந்தாலும் அப்படித்தான் தோணும். யாரா இருந்தாலும்" என்றேன். அன்று அவளிடம் நான் பேசிய உண்மை அது ஒன்றுதான். அவள் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு எனக்காக அழுதாள். நான் அவளுக்காக அழுதேன். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் என் உடம்பு தூக்கிப்போட்டது. அவள் அதைத் தவறாகப் புரிந்துகொண்டு முதுகைத் தடவிக் கொடுத்தாள். வந்து தொலையட்டும் என்று ஒரு பக்கம் இருந்தது. இந்த மேட்டுக்கு அவர்களுக்கு வழியே தெரியாமல் போகட்டும் என்று மறுபக்கம் இருந்தது. அந்தக் கொஞ்ச நேரத்துக்காவது அவள் சுமங்கலிதானே.

வண்டி வீட்டு முன்னால் வந்து நின்றது. பூட்ஸ் சத்தம் கேட்டது. அவள்தான் முதலில் எழுந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். சீருடையில் ஒரு ஆபீசர், பின்னால் இரண்டு பேர். ஆபீசர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வீட்டுக்காரர் பெயரைச் சொல்லாமல், "இந்த வீட்டம்மா யாரு?" என்று மெதுவாகக் கேட்டார்.

குமுளிக்காரி திரும்பி என்னிடம் வந்து என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "சேச்சி, உங்களைத் தேடி இங்கயே வந்துட்டாங்க. பயப்படாதீங்க, நான் இருக்கேன்" என்றாள்.

பிறகு ஆபீசரைப் பார்த்து, "வீட்டுக்காரி நான்தான் சார். ஆனா நீங்க சொல்லவேண்டியது இவங்ககிட்ட" என்று சொல்லி, எனக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றாள்.